அண்ணன் கொளுத்தாத திரி

நான்தான் கொளுத்தினேன். அண்ணன் அல்ல.

இந்த வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எழுத வராததால் வந்த தாமதம் அல்ல இது... பயம். வேறொன்றும் இல்லை.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அது நல்லது. எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும், நல்லவன் என்று. கலியாணம் கட்டாமல், கையும் வாயும் இழந்த அண்ணனைப் பார்க்கிறான் என்று பங்குச் சுவாமி பிரசங்கத்தில் என்னைக் காட்டியே சொன்னார். நான் தலையைக் குனிந்தேன். அதையும் பணிவு என்றார்கள்!

நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம், கடல்தொழில் செய்கிற ஆட்கள். யுத்தம் முடிந்தபோது முள்ளிவாய்க்கால் மணலில் இருந்தோம். அம்மா அங்கேயே போய்விட்டா. மண்வெட்டி இல்லை. அண்ணன் அருளப்பு கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். அவ்வளவு ஷெல்லுக்குள்ளும் அவருக்கு ஒரு கீறல் விழவில்லை.

மீள்குடியேறி வந்தபிறகு ஒரு படகு கிடைத்தது. அந்த நாட்களில் கரையில் பலர் வெடி போட்டு மீன் பிடித்தார்கள். யுத்தம் விட்டுப்போன வெடிமருந்துக்குப் பஞ்சம் இல்லை. மீன் திரளும் இடத்தில் திரியைக் கொளுத்தி எறிவார்கள். செத்து மிதப்பதை அள்ளுவார்கள். குற்றம்தான். செய்தோம். அண்ணனும் செய்தார், நானும் செய்தேன்.

பிறகு அண்ணன் விட்டுவிட்டார். அயலில் ஒருவனுக்கு விரல்கள் போனதும் அண்ணனின் மனைவி றோசலின் மச்சாள் அவரை அந்தோனியார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனா. சுருவச் சிலைக்கு முன்னால் நின்று, மகள் டிலானியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார், இனி வெடியைத் தொடமாட்டேன் என்று. பிள்ளை அப்போது கைக்குழந்தை.

பிள்ளையின் தலையில் வைத்த சத்தியம் எங்களுக்குச் சின்ன விடயம் அல்ல. மீறினால் மீறினவனுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்குத்தான் ஆகும். அப்படித்தான் நம்புகிறோம். அண்ணனும் நம்பினார்.

அதனால்தான் அன்றைக்கு நான் வெடியை வலைக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

விடிந்துகொண்டிருந்தது. அண்ணன் பின்னால் இஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால், அணியத்தில் நின்றேன். பாரை மீன் கூட்டம் தண்ணீருக்கு மேலே துள்ளியது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை... எடுத்தேன். கொளுத்தினேன்.

அண்ணன் கண்டுவிட்டார். "எறியடா நாயே" என்று கத்தினார்.

எறியக் கையை ஓங்கினேன். அலை தூக்கிப் போட்டது. கையிலிருந்து நழுவி வலைக்குள் விழுந்தது.

நான் குதித்தேன்.

யோசித்துக் குதித்தேனா என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. "அண்ணை, குதி" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது மட்டும் தெரியும்.

தண்ணீருக்குள் வெடிச்சத்தம் காதில் கேட்காது. வயிற்றில் கேட்கும்.

படகைப் பிடித்து ஏறினேன். அண்ணன் இஞ்சினுக்கு மேலே பின்பக்கமாக விழுந்து கிடந்தார். இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே இல்லை. கீழ்த்தாடை கழன்று நெஞ்சில் கிடந்தது. வலை முழுக்கச் சதை. ஒரு கண் இருந்தது. அது என்னைப் பார்த்தது. கடலில் ஒரு மீனும் மிதக்கவில்லை!

கரைக்குக் கொண்டுவந்தேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆர் போட்டது என்று யாரோ கேட்டார்கள்.

"அண்ணை" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். அவர் படகுக்குள் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நின்றா. அவவும் கேட்டா.

அண்ணன் சாகவில்லை. தாடையை ஏதோ ஒட்டினார்கள். நாக்கு இல்லை. முதுகு அடிபட்டதில் கால்களும் செத்துவிட்டன. தலை மட்டும் அசையும். ஓம், இல்லை என்று ஆட்டுவார். ஆனால் யாரும் கேட்காத கேள்விக்கு எப்படித் தலையாட்டுவது? கொளுத்தினது நீயா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரியுமே... நான் சொல்லிவிட்டேனே.

மச்சாள் ஆஸ்பத்திரியில் ஒரு தரம் கேட்டா: "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" ஏன் என்பதற்குத் தலையாட்ட முடியாது. அவர் தொண்டையால் முக்கினார். கட்டில் ஆடியது. மச்சாள் பயந்து பின்னால் போனா. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மன்னாரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டா. தகப்பன் முகத்தில் முழித்தால் சத்தியம் பிள்ளையில் ஏறிவிடும் என்று பயம். வெறுப்பு அல்ல. பயம்தான். அந்தப் பயத்தை அவவுக்குள் போட்டது நான்.

வருடங்கள் போயின. டிலானி பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

பிறகு நிரோஜா வந்தாள். கிளிநொச்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுகிற ஒரு இடத்தில் வேலை செய்கிற பிள்ளை. பழைய மடிக்கணினி ஒன்றை அண்ணனின் சக்கர நாற்காலிக்கு முன்னால், மேசையில் வைத்தாள். அதில் ஒரு மென்பொருள் போட்டிருந்தாள். கணினியின் கமரா அண்ணனின் மூக்கைப் பார்க்கும். மூக்கு திரும்பும் பக்கம் திரையில் அம்புக்குறி போகும். ஒரு எழுத்தில் கொஞ்சநேரம் நிறுத்தினால் அந்த எழுத்து விழும். எழுதி முடித்தால் கணினி அதை வாசிக்கும்.

இதற்கு என்ன கேட்பார்களோ என்று யோசித்தேன். அவள் சிரித்தாள். "இது இலவசம் அண்ணை. ஆரோ எழுதி எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்கினம்."

அண்ணன் வியர்த்துப்போனார். கழுத்து நடுங்கியது. நெடுநேரம் கழித்துக் கணினி சொன்ன முதல் சொல், "நுளம்பு." அவருடைய காதுக்குப் பின்னால் ஒன்று இருந்து கடித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடம் எத்தனை நுளம்பு கடித்திருக்கும்... நான் அடித்துக் கொன்றேன். நிரோஜா அழுதாள்.

குரல் பெண்குரல். இந்தியத் தமிழ். அயல்வீட்டுப் பீற்றர் அண்ணை வந்து பார்த்துவிட்டு, "டேய் அருளப்பு, நீ மெட்ராஸ்காரி ஆயிட்டாய். கலியாணம் பேசட்டோ?" என்றார். அண்ணன் மூக்கைத் திருப்பித் திருப்பி எழுதினார். பீற்றர் அண்ணை ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அந்த இனிமையான குரல் சொன்னது: "போடா மூதேசி."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது. இவர் இனி எதையும் சொல்லலாம்!

எல்லோரும் போனபிறகு எழுதினார்: "றோசலினைக் கூப்பிடு."

மச்சாளின் நம்பர் வேலை செய்யவில்லை என்றேன். பிறகு கேட்டபோது அவ வரமாட்டாவாம் என்றேன். நான் அழைக்கவே இல்லை. அண்ணன் விளங்கிக்கொண்டார். அடுத்த முறை நிரோஜா வந்தபோது அவளிடம் எழுதிக் கேட்டார். அவள் உறவினர் வழியாகத் தேடிப் பிடித்துப் பேசினாள். மச்சாள் வர ஒத்துக்கொண்டா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறா, ஆனால் வீட்டுக்குள் விடமாட்டாவாம்.

அவ வருகிற அன்று காலையில் அண்ணன் எழுதத் தொடங்கிவிட்டார். எங்கள் பேச்சை எழுதினால் அந்தக் குரல் தடுமாறும். அதனால் புத்தகத்தில் உள்ளதுபோல எழுதினார். எழுதி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்க விட்டார்.

"நான் கொளுத்தவில்லை. சத்தியத்தை மீறவில்லை. டிலானி பயப்படாமல் வரலாம்."

என் பெயர் அதில் இல்லை. பார்த்தீர்களா... என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் படகில் நாங்கள் இருவர்தானே இருந்தோம்.

அதை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மச்சாளின் தமையன்மார் வெட்டுவார்கள் என்றேன். ஊர் என்னை உயிரோடு விடாது என்றேன். எத்தனை வருடம் உன்னைப் பார்த்தேன் என்றும் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்!

அவர் எழுதினார். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். குரல் வாசித்தது.

"நீ குதித்ததை நான் காணவில்லை. நீ வலைக்குள் நிற்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் வெடியை எடுத்து எறியப் பார்த்தேன்."

நான் அடித்தேன்.

கையைப் பொத்தி, ஒட்டிய அந்தத் தாடையிலேயே அடித்தேன். தடுக்க அவருக்குக் கை இல்லை. நாற்காலியோடு சரிந்தார். விழுந்தவரையும் அடித்தேன். கத்த நாக்கு இல்லை. தொண்டைக்குள் ஏதோ கொதித்தது. எச்சிலும் இரத்தமும் என் கையில் ஒட்டின. ஏன் அடித்தேன்? அவர் பொய் சொல்லியிருந்தால் அடித்திருக்கமாட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் கையைக் கொடுத்தார் என்பதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை...

கமரா என் மூக்கைப் பிடித்ததோ என்னவோ, கணினி மேசையில் இருந்தபடி முதலில் எழுதினதை மறுபடி வாசித்தது. டிலானி பயப்படாமல் வரலாம் என்றது. மூலையில் துடுப்பு இருந்தது. எடுத்து அடித்தேன். அப்போதும் குரல் நிற்கவில்லை. மறுபடியும் அடித்தேன். நின்றது.

மச்சாள் மத்தியானம் வந்தா. அதற்குள் அண்ணனைத் தூக்கி இருத்தி, முகம் துடைத்து, சேட்டு மாற்றி வைத்திருந்தேன். வெளிவாசல் படலையடியில் ஓட்டோ நின்றது. உள்ளே வெள்ளைச் சட்டையில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்து இருந்தாள்.

"முகம் என்ன வீங்கியிருக்கு?" என்று மச்சாள் கேட்டா. கதிரையோடு விழுந்துவிட்டார் என்றேன்.

"என்னவோ சொல்லவேணும் எண்டு கூப்பிட்டவராமே?"

"சும்மா, உங்களைப் பாக்கவேணுமாம்."

அண்ணன் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை, இல்லை என்று ஆட்டினார். யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் சேர்த்து ஆட்டினார். பிறகு பின்னந்தலையைச் சுவரில் மோதினார். மறுபடி மோதினார். மயிருக்குள்ளிருந்து இரத்தம் கழுத்தில் இறங்கியது. மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே ஓடினா. "சத்தியம்தான் இந்த மனிசனைப் போட்டு ஆட்டுது" என்று அழுதுகொண்டே ஓடினா. ஓட்டோ திரும்பியது. பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் அண்ணனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டோ சத்தம் ஓயும்வரை அவர் என் கைக்குள் தலையை மோதிக்கொண்டே இருந்தார்.

நிரோஜாவிடம், நாய் வயரை இழுத்துக் கணினியை விழுத்திவிட்டது என்றேன். மென்பொருள் போனால் என்ன செய்வது என்று அவள் கவலைப்படுவாள் என நினைத்தேன். அவளோ என்னைத் தேற்றினாள்! கணினிதான் உடைந்தது, மற்றது இலவசம்தானே, இன்னொன்றில் போட்டுத் தருகிறேன் என்றாள். சொன்னபடியே கொண்டுவந்தாள். துடுப்பால் அடித்துக் கொல்லக்கூடிய சாமான் அல்ல அது.

அன்றைக்கு நான் வாசலில் நின்றேன். ஓடுவதற்கு. உண்மையாகத்தான்... பொக்கற்றுக்குள் அடையாள அட்டையை வைத்திருந்தேன்.

நிரோஜா வயரெல்லாம் பூட்டி முடித்துவிட்டு, விளையாட்டாகக் கேட்டாள்: "சொல்லுங்கோ அருள் அண்ணை, எப்பிடி உடைஞ்சது?"

அவருடைய மூக்கு நகர்ந்தது. நான் படலையைப் பார்த்தேன்.

"நாய்" என்றது குரல்.

நிரோஜா சிரித்துவிட்டுப் போனாள். அவளுடைய மோட்டார்சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் நான் உள்ளே போய் அவருடைய காலடியில் விழுந்தேன். உணர்ச்சி இல்லாத கால். கட்டிப்பிடித்து அழுதேன். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

மேலே அவர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. குரல் வந்தபோதுதான் நிமிர்ந்தேன்.

"மன்னிக்கவில்லை. நீ போனால் என்னை யார் கழுவுவது?"

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தண்ணி கேட்கிறார். கடல் எப்படி என்று கேட்கிறார். பீற்றர் அண்ணையைத் திட்டுகிறார். நிரோஜா வந்தால் நன்றி சொல்கிறார். மகளைக் கேட்பதில்லை. மலமும் மூத்திரமும் கழுவ ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக மகளை விட்டுவிட்டார். அந்த ஆள் நான்!

நான் சொல்லலாம் அல்லவா? மச்சாளிடம் நான் சொல்லிவிட்டு இங்கேயே இருக்கலாம். வெட்டினால் வெட்டட்டும். இதை ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். நம்பர் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன். வைத்துவிடுகிறேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், சொல்லவேண்டியவவிடம் சொல்லாமல்... இதற்குப் பெயர் என்ன?

காலையில் அவரைக் கழுவுவேன். முதுகு, இடுப்பு, கால், கடைசியாக முகம். என் கை முகத்துக்கு வரும்போது அந்த ஒற்றைக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். வருவது துணியா அடியா என்று அவருக்குத் தெரியாது. துடைத்து முடித்து, நான் இரண்டு அடி தள்ளிப் போனபிறகுதான் திறக்கிறார்.