பிடித்தவர் வீட்டுச் சோறு

வாளித் தண்ணீர் தளும்பும் சத்தத்தோடு "சடுகுடு சடுகுடு" என்று அப்பாவின் குரல் மாடிப்படிகளில் ஏறிவருவதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். தெருக்குழாயில் பிடித்த இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் பாடியபடி அவர் மேலே வந்து சேர்வார். தை மாதம் நெருங்க நெருங்க இந்தக் கூத்து அதிகமாகும்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் தெருச் சடுகுடு மன்றமும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த தன்லியின் என்ற ஊரின் மன்றமும் மோதிக்கொள்ளும்; ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. எந்தத் தெருவில் குடியிருக்கிறாரோ அந்தத் தெருவுக்குத்தான் ஒருவர் ஆட வேண்டும் என்பது சட்டம். சாதி, மதம், பாஷை எதுவும் கேட்பதில்லை. அதனால் எங்கள் அணியில் கோ மியோ என்ற பர்மிய இளைஞரும் இருந்தார். தமிழில் அவருக்கு "சடுகுடு" தவிர வேறு வார்த்தை வராது, ஆனால் அதை எங்கள் ஆட்களைவிட வேகமாகச் சொல்வார். இதைவிட விசித்திரமான வழக்கமும் ஒன்று உண்டு. பாடிப்போனவரை எதிரணியில் யார் மடக்கி மூச்சை முறிக்கிறாரோ, அவர் வீட்டில்தான் பிடிபட்டவர் குடும்பத்தோடு அன்று மத்தியானம் சாப்பிட வேண்டும். "பிடிபட்டவன் கைநனைக்காம ஊர் திரும்பினா, அடுத்த வருசம் கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்பார்கள் பெரியவர்கள். இதை முதலில் ஏற்படுத்தியது யார் என்று பலரிடம் நச்சரித்துக் கேட்டிருக்கிறேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அம்மா பிறந்தது தன்லியினில். அவளுடைய தம்பி, அதாவது என் தாய்மாமா, அந்த அணியில் பேர்போன பிடிகாரர். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குக் காரணம் என் காது. ஆற்றுக்குப் பாலம் வராத காலத்தில் எனக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாமா மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமா ஏறிய படகோ வந்து சேர்ந்தபாடில்லை. நல்ல நேரம் போகிறதே என்று பதறிய அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் மடியில் என்னை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். சீர்த்தட்டோடு வியர்க்க விறுவிறுக்க வந்த மாமா என் காதில் தோட்டைப் பார்த்தார். தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "அவன் வந்து கூப்பிடட்டும்" என்றார் அப்பா. "அவரு வந்து கைநனைக்கட்டும்" என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. இரண்டு வீம்புக்கும் நடுவே, தாய்வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் தவித்தவள் அம்மாதான்.

பாலம் திறந்த புதிதில் தன்லியினில் நடந்த ஆட்டத்துக்கு, என்ன நினைத்தாரோ, அப்பா எங்களையும் அழைத்துப் போனார். "லைன்கா" என்று நாங்கள் சொல்லும் பேருந்தில் இடிபட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். எனக்குத் தெரிய வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான்: அம்மா எந்தக் கட்சி? ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா ஒருவரை மடக்கியபோதும் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள், அப்பா ஒருவரைத் தொட்டுத் திரும்பியபோதும் இறுக்கிப் பிடித்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு பக்கமும் புள்ளி சமமாக இருந்தபோது கடைசிப் பாட்டு அப்பாவுடையதாயிற்று. ஓரத்தில் நோஞ்சான் பையன் ஒருவன் நின்றான். அவனைத் தொட்டுத் திரும்பினால் வெற்றி எங்களுக்கு. அப்பா அவனை விட்டுவிட்டு நேரே மாமாவிடம் போனார். மாமா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தார். குப்புற விழுந்த அப்பா கையை நீட்டியிருந்தால் கோடு எட்டியிருக்கும். மூன்று மாடி ஏறும் அந்த மூச்சு, அங்கே மண்ணில் பட்டென்று நின்றுபோயிற்று.

கோ மியோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நடுவர் மாமாவைக் கைகாட்டினார். மாமாவோ ஒட்டிய மண்ணைத் தட்டவும் மறந்து நின்றார். "மச்சான்," என்றார் கடைசியில், "வாங்க, சோறு ஆறிடும்." அப்பா எழுந்திருப்பதற்குள் அம்மா நடக்கத் தொடங்கிவிட்டாள். நாங்கள் பின்னால் வருகிறோமா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது மாமா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, காதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்று இரவு அங்கேயே தங்கினோம்.

எங்கள் தெரு சும்மா விடுமா? "மச்சினன் வீட்டுச் சோத்துக்கு ஆட்டத்தையே விட்டுக் குடுத்துட்டியேப்பா" என்று அப்பாவை வருடம் முழுக்கக் கிண்டலடித்தார்கள். "மூச்சு முட்டிப்போச்சு, என்ன செய்ய" என்று சிரிப்பார், அவ்வளவுதான். ஊர் திரும்பிய மறுநாளே இரண்டு வாளியோடு மூன்று மாடியும் பாடிக்கொண்டு ஏறிவந்தவரை நான் சந்தேகத்தோடு பார்த்தேன்.

இப்போது எங்கள் ஆடுகளத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. ஆள் சேராமல் இரண்டு மன்றங்களும் கலைந்துவிட்டன. என் பிள்ளைகள் தமிழில் கேட்டதற்குப் பர்மிய பாஷையில் பதில் சொல்கிறார்கள். கோ மியோவுக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தைகூட அவர்களுக்குத் தெரியாது. அப்பாவும் போய்விட்டார். மாமா மட்டும் விசேஷ வீடுகளில், "எங்க மச்சானை மடக்குன ஒரே ஆளு நான்தான்" என்று வலது கையை நீட்டிக் காட்டுவார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவர் அப்படி அளந்துகொண்டிருந்தபோது, அப்பாவுக்கு அன்று உண்மையிலேயே மூச்சு முட்டியதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

"அன்னைக்கு வீட்ட விட்டுக் கிளம்பும்போதே, 'ராத்தங்க மாத்துத் துணி எடுத்துக்க'ன்னாரு உங்கப்பா. மாமன்கிட்டச் சொல்லிடாத, பாவம்."