சுருட்டாத வயர்

மக்பாவுக்கு வாய் நீளம். வடதுருவத்தை ஒட்டிய பாஃபின் தீவில் எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள்; எல்லாருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கணவன் குப்லூ கலைமான் வேட்டைக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சு ரேடியோவில் நடக்கும். மாலையில் அவன் கூடாரத்துக்கு வெளியே இரண்டு கம்புகளுக்கு நடுவே ஏரியல் வயரை இழுத்துக் கட்டிக் கூப்பிடுவான். ஊரே அவரவர் வீட்டு ரேடியோவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க. கேக்காம எங்க போறது?"

"கடல்நாய்த் தலையை எனக்கு எடுத்து வை. உட்டாக் கண்ணுல காட்டிடாத."

"உங்க தம்பி பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. சாப்பிட்டு வாயைக்கூடத் துடைச்சாச்சு."

ஒரு மாலை குரல் வராவிட்டால் எங்கள் ஊரில் யாரும் பதறுவதில்லை. ஆள் வயரைச் சுருட்டிப் பனிவண்டியில் போட்டுவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்று பொருள். வீட்டில் இறைச்சிப் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான்.

பதறியவள் மக்பா ஒருத்திதான், கல்யாணமான புதிதில். அழுது ரகளை செய்து ஆள் அனுப்பினாள். போனவர்கள் பாதி வழியில் குப்லூவைப் பார்த்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். பெண்டாட்டி பிடித்துவரச் சொன்ன மாப்பிள்ளை என்று ஊர் அவனைப் பல வருஷம் ஓட்டித் தீர்த்தது. "இனிமே என்னைத் தேடி ஆள் அனுப்பாத, மக்பா. வெளியில தலை காட்ட முடியல," என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவளும் சரி என்றாள்.

எண்பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் ஒரு மாலை, ரேடியோ வாயடைத்துப் போனது. எப்போதும் இருக்கும் கரகரப்புகூட இல்லை. மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாரும் திரும்பியிருந்தார்கள்; வெளியே இருந்தவன் குப்லூ மட்டும்தான். மக்பா சந்தோஷமாகப் பானையை ஏற்றினாள்.

மறுநாளும் அதே அமைதி. உட்டாக் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, செட்டுல இரைச்சலே இல்லையே. எனக்கு என்னவோ சரியாப் படல. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"நல்லாருக்கே! உங்க அண்ணன் எதிர்ல வருவாரு, நீங்க போய்ப் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பீங்க. மறுபடியும் ஊர் சிரிக்கணுமா? பேசாம உக்காருங்க, கொழுந்தனாரே."

அவனும் உட்கார்ந்துவிட்டான். பானை ஆறியது. சுடவைத்தாள். மறுபடி ஆறியது. அடுத்த நாள் அவன் திரும்பக் கேட்டபோதும் திட்டினாள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

பிறகு ஒரு மாலை கரகரப்பு திரும்பி வந்தது. மக்பா மைக்கைப் பிடுங்கிக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கரகரப்பு மட்டும்தான். இத்தனை நாளும் ஊமையாகிக் கிடந்தது வானம், அவன் வயரைச் சுருட்டியதால் அல்ல என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போங்க," என்றாள் உட்டாக்கிடம். "இப்பவே போங்க."

சூரியன் எதையோ வீசியெறிந்ததாம், பூமியைக் காந்தப்புயல் உலுக்கியதாம், வடக்கே வானத்தின் மேலடுக்கு ரேடியோ அலைகளையெல்லாம் விழுங்கிவிட்டதாம். வானிலை நிலையத்துக்காரர் பிற்பாடு படம் போட்டு விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். தெற்கே நகரங்களில் விளக்குகள் அணைந்து, அன்றைக்கே திரும்ப எரிந்தனவாம். அவர்களுக்கென்ன, கொடுத்துவைத்தவர்கள்.

உட்டாக் இழுவைவண்டியில் அண்ணனைப் போர்த்திக் கொண்டுவந்தான். மக்பா போர்வையை விலக்கவில்லை.

"வயரு?" என்றாள். "சுருட்டி இருந்துச்சா?"

அவன் காலணியை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டான். "கட்டினபடியேதான் இருந்துச்சு, அண்ணி."

கோடாரி தவறிக் காலில் ஆழமாக இறங்கியிருக்கிறது. வண்டி ஓட்ட முடியாமல் கூடாரத்திலேயே கிடந்திருக்கிறான். அடுப்பு எண்ணெய் தீர்ந்திருக்கிறது. பேட்டரி உறைந்துபோகாமல் இருக்க ரேடியோவைக் கோட்டுக்குள் வயிற்றோடு கட்டி வைத்திருந்தான். மைக் கையில் இருந்தது. அதை விரல்களிலிருந்து எடுக்க முடியவில்லை என்பதை மட்டும் உட்டாக் அவளிடம் சொல்லவில்லை.

மக்பாவின் பேச்சு அதோடு நின்றது. அவள் பேசாத ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ரேடியோவை மட்டும் அணைக்கவிடவில்லை.

இலையுதிர்காலத்தில் உட்டாக்கின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குப்லூ என்று பெயர் வைத்தார்கள். ஆணென்ன, பெண்ணென்ன, பெயர் வந்தால் ஆளும் திரும்பி வந்தாயிற்று எங்களுக்கு. அந்தக் குழந்தை இனி மக்பாவுக்குக் கணவன். ஊரே போய்ப் பார்த்தது; அவள் போகவில்லை.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி போய் நிப்பேன்?" என்று உட்டாக்கிடம் கேட்டாளாம். அத்தனை மாதத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

கடைசியில் குழந்தையை அவள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மக்பா வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, முகத்தருகே குனிந்தாள்.

"கேக்குதுங்க," என்றாள். "கேக்குது. இப்ப நல்லாக் கேக்குதுங்க."

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை.