வேர் நுனியில் நின்ற சிவப்பு

விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்து பெங்களூரிலிருந்து திரும்பும் வழியில், வண்டி மாறுவதற்காக மாலையில் பங்காருபேட்டையில் நின்றிருந்தேன். எங்கள் பள்ளிப் பியூன் சின்னப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னா சார், சேதி தெரியாதா? கோதமி டீச்சர் பூட்டாங்க. காலையில." நான் பையைக் கீழே வைப்பதற்குள் அதே மூச்சில் அடுத்ததையும் சொன்னார்: "அந்த முனிம்மா கேவுரு துன்னதாலதான்னு லைன்ல பேசிக்கிறாங்க."

அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. ஆகவே இந்த அஞ்சலி அடக்கமாக இருக்காது. கோதமியை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் அடக்கமான ஆள் இல்லை. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுவார். கேட்டால், "சும்மா வேடிக்க பாக்கறேன், நீங்க போங்க சார்" என்பார். கேழ்வரகுக் களியைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தப் படியில் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அவர் வேதியியல் ஆசிரியை, நான் தாவரவியல். இருவருக்கும் ஒரே சோதனைக்கூடம், ஒரே தண்ணீர்த் தொட்டி. என் செடிகளின் மேல் அவருடைய அமிலம் தெறிக்கும், சண்டை வரும். நாற்காலியில் அவர் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதே எழுந்து ஒரு குடுவையைக் கழுவுவார், கழுவியதையே மறுபடி கழுவுவார். "ஒரு எடத்துல நின்னா எனக்கு ஒண்ணும் புரியாது சார்" என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு.

எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்துப் பாறையை அரைத்து, சயனைடு கலந்து பொன்னைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண்மேடுகளுக்கு என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் மேடு என்று சொல்வதில்லை, 'சயனைடு' என்றே சொல்வோம். பிள்ளைகள் சயனைடில் சறுக்கி விளையாடுவார்கள், சயனைடு ஓரமாக ஆடு மேயும். எங்கள் லைனுக்கு, அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, பின்னாலிருந்த மேட்டின் அடியில் முனியம்மா குடிசை போட்டிருந்தார். கணவர் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து இறந்துபோனவர். கிடைத்த சிறு நிலத்தில் முனியம்மா கேழ்வரகு விதைத்தார். பயிர் சாண் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு யோசனை யாருக்கு வரும்? சயனைடு விஷம் வேரில் ஏறிவிட்டது என்று லைனே முடிவு கட்டியது.

"இதுவும் போச்சின்னா ஊருக்குத்தான் போவணும் டீச்சர்" என்று முனியம்மா ஒருநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். ஊர் என்றால் குடியாத்தத்துக்கு அப்பால். அங்கே அவர் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. அவருடைய பிள்ளைகள் எவர் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ வேலைக்கு நிற்க வேண்டும். அதிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தாம் நாங்கள் எல்லோருமே. கோதமி அன்று மதிய உணவைத் தொடவில்லை. மண்ணை அள்ளிவரப் போய்விட்டார்.

மண் அமிலமாக இருந்தது. மேட்டுப் பாறைத்தூளில் உள்ள கந்தகம் காற்றிலும் மழையிலும் அமிலமாகி, கசிந்து நிலத்துக்கு வந்திருந்தது. அமிலம் மட்டும் என்றால் பயிர் ஒருவேளை சமாளித்திருக்கும். ஆனால் எல்லாக் களிமண்ணிலும் அலுமினியம் உண்டு. வழக்கமாக அது யாருக்கும் தொந்தரவு தராமல் மண்ணோடு கட்டுண்டு கிடக்கும். அமிலம் ஏறினால் கரைந்து தண்ணீரோடு வேருக்குள் நுழையும். கோதமி இரண்டு டம்ளர்களில் கேழ்வரகு நாற்றை வைத்தார், ஒன்றில் ஏரித் தண்ணீர், மற்றதில் மேட்டுக் கசிவு. கசிவில் வைத்த வேர் மறுநாளே நீள்வதை நிறுத்திக்கொண்டது. அலுமினியத்தைத் தொட்டால் சிவக்கும் சாயம் ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் நனைத்ததும் வேரின் நுனி மட்டும் குங்குமம் தொட்டதுபோல் சிவந்தது. பிளேடால் தண்டை வெட்டிப் பார்த்தோம், அங்கே சிவப்பு இல்லை. "நுனியில பூந்து அங்கியே குந்திக்கிச்சி பாருங்க சார். வேர் வளர்றதே அந்த நுனியாலதான். வேற எங்க பூந்திருந்தாலும் பொழச்சிருக்கும்!" என்று ஒரு திருடனைப் பிடித்தவர்போலக் குதித்தார்.

அத்தோடு விட்டாரா? நேராக லைனுக்குப் போய், "சயனைடு இல்ல, அலுமினியம்தான் வேர்ல ஏறுது" என்று அறிவித்தார். மறுநாள் காலை குப்பைத்தொட்டி ஓரத்தில் அலுமினியக் குண்டான்கள் கிடந்தன. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள், "என் புருசன் இருவது வருசமா இதுலதான் சோறு துன்றாரு, இப்ப வந்து சொல்றியே!" என்று கோதமியை விடாமல் வைதார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோதமி சிரிக்கவில்லை. ஒவ்வொரு குண்டானாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அன்றுதான் அலுமினியம் என்ற சொல்லையே விட்டுவிட்டு, "மண்ணு புளிச்சிப்போச்சி" என்று சொல்லத் தொடங்கினார். முனியம்மா உடனே, "மாவு புளிச்சா சோடா உப்பு போடுவோமே, மண்ணுக்கு இன்னா போடறது?" என்று கேட்டார்.

சுண்ணாம்பு. அது மண்ணின் அமிலத்தைத் தணிக்கும். அலுமினியம் மறுபடி மண்ணோடு அடங்கிவிடும். பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள் அல்லவா? மிஞ்சிய சுண்ணாம்பை வாளியோடு போய்க் கேட்டு வாங்கினார் கோதமி. முதல்முறை மேலாகத் தூவினோம். முழங்கால் உயரம் வந்த பயிர், மழை தவறியதும் துவண்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், சுண்ணாம்பு முடிந்த இடத்தில் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கோதமி கடப்பாரையைத் தூக்கிவிட்டார். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு! நான் பிடுங்கிக்கொண்டு கத்தினேன், அவரும் கத்தினார். கடைசியில் நானும் முனியம்மாவும் ஆழத் தோண்டிச் சுண்ணாம்பைக் கலந்தோம். அவர் வரப்பில் நிற்க மாட்டாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டு எங்களை விரட்டினார்.

அடுத்த விளைச்சலில் கதிர் வந்தது. ஆனால் அதை வாங்க ஆளில்லை, சும்மா கொடுத்தாலும் தொட மாட்டேன் என்றார்கள். முனியம்மா எல்லோர் முன்னும் களி கிண்டினார். "இதுல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்" என்று கெஞ்சினார். சொல்லிவிடுங்கள் என்று நானும் காதோரம் சொன்னேன். கோதமி சொல்லவில்லை. "வேர்லியே நின்னுடுது, அத பாத்தேன். கதிர்ல எவ்ளோ கீதுன்னு நான் அளக்கல. அளக்க எங்கிட்ட வசதி இல்ல." பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நானும் சாப்பிட்டேன். பிறகு மெல்ல மெல்ல மற்றவர்களும் வாங்கினார்கள். முனியம்மா ஊருக்குப் போகவில்லை.

பங்காருபேட்டையிலிருந்து நான் கோதமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தெருக்கோடியில் முனியம்மா ஒரு குண்டானோடு நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கோதமியின் தாயார்தான் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். முனியம்மா மூடியைத் திறந்தார், களி. தாயார் என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க அவளோட சேந்து பாத்தவரு. இதுல ஒண்ணும் இல்லியே?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அந்த ஒரு வார்த்தையில் லைனின் வாயை அடைத்திருக்கலாம். முனியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க சாவு நெஞ்சு வியாதியாலதாம்மா, டாக்டர் சொல்லிட்டாரு. அலுமினியம் வேர்ல நிக்கறத நானும் என் கண்ணால பாத்தேன். கதிர்ல எவ்வளவுன்னு நாங்க அளக்கல."

"அவளும் இத்தயேதான் எங்கிட்ட சொன்னா" என்றார் தாயார். களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "உக்காரு முனிம்மா, நீயும் சாப்புடு" என்றார். முனியம்மா அப்போதுதான் அழுதார்.

கோதமியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, 'அளக்கல' என்கிற அந்தச் சொல்லை. அதைச் சொல்லிவிட்டு அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நெஞ்சு அவருக்கு இருந்தது. பழுதான நெஞ்சுதான், ஆனாலும் அதில் பாதியாவது எனக்கு வேண்டும்.