திருப்தி ஸர்க்கேலின் கண்ணாடி ஜாடி

பத்துத் தடவை. ஒன்பதில் நிறுத்தமாட்டார், பதினொன்றுக்கும் போகமாட்டார். மருந்துப் புட்டியின் அடிப்பாகம் இடது உள்ளங்கையில் விழும்போது டொப், டொப் என்று அடங்கிய ஒரு சத்தம் வரும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் தங்களை அறியாமலே மனத்துக்குள் எண்ணுவார்கள். பத்தாவது தட்டு முடிந்ததும் திருப்தி ஸர்க்கேல் புட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "நாக்குல நாலு உருண்டை. அதுக்கு முன்னாடி அரைமணி நேரம் வெத்தலை கூடாது" என்பார். வெற்றிலையே போடாதவரிடமும் அதைத்தான் சொல்வார்.

கல்கத்தாவில் பாக்பஜார் தெருமுனையில் டாக்டர் அனாதி ஹூயியின் ஹோமியோபதி மருந்தகத்தில் அவர் இருபத்திரண்டு வருடமாகக் கம்பவுண்டர். வயது நாற்பத்தேழு. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிய பருத்திப் புடவை, மூக்கின் நடுவில் நிற்கும் கண்ணாடி, விரல் நுனிகளில் போகவே போகாத ஸ்பிரிட் வாசனை. வீட்டில் குழம்புக்கு உப்பைக்கூட இவள் எண்ணித்தான் போடுவாள் என்று டாக்டர் கேலி செய்வதுண்டு. அது கேலி இல்லை, உண்மை. பெயர்தான் திருப்தி. ஒட்டிய லேபிள் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கிழித்துவிட்டு வேறு ஒட்டுவார்.

மருந்தகத்தில் இருப்பதெல்லாம் டாக்டருடையது. பெயர்ப்பலகை, அலமாரி, சுவரில் மாலை போட்ட அப்பாவின் படம், நோயாளிகளின் நம்பிக்கை, எல்லாம். திருப்தியுடையது என்று சொல்ல ஒரு குடை இருந்தது, அதுவும் மழைக்காலத்தில் மட்டும். இப்போது மேஜையின் வலது ஓரத்தில், ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில், ஒரு ஜாடி இருக்கிறது. சீனி உருண்டைகள் போட்டுவைக்கிற பழைய அகலவாய் ஜாடி. ஐந்து லிட்டர் பிடிக்கும். விளிம்பில் சிறு உடைசல் விழுந்ததால் டாக்டர் தூக்கியெறியச் சொன்னது. யாராவது அதைப் பார்த்து, "டாக்டர் ரசனைக்காரர்தான்" என்றால், மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும். "டாக்டரோடது இல்லைங்க. நான் வச்சது." குரல் உயராது. ஆனால் கேட்டவர் "அப்படியா" என்று சொல்லும்வரை மாத்திரைப் பொட்டலமும் கைக்கு வராது.

ஆசை பிடித்தது காலிஃப் தெருச் சந்தையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே புறாவும் நாய்க்குட்டியும் மீனும் விற்கும் இரைச்சலுக்கு நடுவே ஹாபுல் என்பவன் நீர்ச்செடி விற்கிறான். அவன் முன்னால் ஒரு பிஸ்கட் ஜாடிக்குள் சின்னதாக ஒரு காடு நின்றுகொண்டிருந்தது. திருப்தி குனிந்தவர் நிமிரவில்லை.

"என்ன தீதி, வாங்குறீங்களா, இல்ல பார்வையாலேயே தண்ணிய வத்தவைக்கிறீங்களா?" என்றான் ஹாபுல். வங்காளத்தில் அக்கா என்றால் தீதி.

"இதை நான் வைக்க முடியுமா?"

"பொறுமை இருக்கா?"

"ஹோமியோபதி கம்பவுண்டர்."

"அப்ப முடியும்" என்றான் ஹாபுல்.

தொட்டி மண்ணைத் தேநீர் வடிகட்டியில் சலித்தார். அதன்மேல் போட ஆற்று மணலைப் பதினொரு முறை கழுவினார். பிளீச்சிங் வாடை போகட்டும் என்று கார்ப்பரேஷன் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தார். புல் போன்ற செடி ஒன்று, அகல இலைச் செடி ஒன்று, கல்லில் நூலால் கட்டிய பாசி ஒரு கைப்பிடி. பஞ்சு எடுக்கும் நீள இடுக்கியால் ஒவ்வொரு வேரையும் பிடித்து மணலுக்குள் இறக்கினார். மணல் கலங்காமலிருக்க உள்ளே ஒரு தட்டை வைத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். டாக்டர் வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"இருக்கட்டும். ஆனா இதுக்குள்ள ஒன்னே ஒன்னு செத்து மிதந்தாலும் ஜாடி வெளிய போயிடணும், திருப்தி. வைத்தியன் வீட்டு வாசல்ல பிணம் கிடந்தா உள்ள யாரு வருவா? மீன் பிணமா இருந்தாலும் பிணம் பிணம்தான்."

"சரிங்க டாக்டர்பாபு."

முதல் ஆறு வாரத்துக்கு அந்தப் பயமே இல்லை, ஏனென்றால் உள்ளே உயிர் எதுவும் விடக்கூடாது என்று ஹாபுல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "தண்ணி பழுக்கணும் தீதி." இரண்டாவது வாரம் தண்ணீர் கஞ்சி போல வெளுத்து லேசாக நாறியது. "பழுக்கிறதுன்னா அழுகுறதா?" என்று அடுத்த ஞாயிறு திருப்தி கேட்டார். "கை வைக்காதீங்க, அதுவே தெளியும்" என்றான். தெளிந்தது.

தாங்க முடியாதது பாக்ராஷியின் வாய்தான். எழுபது வயது பிராணவல்லப் பாக்ராஷிக்கு இருபது வருடமாக வாயுத் தொல்லை. மருந்துக்கு வாரம் ஒருமுறை வந்தால் போதும், செய்தித்தாளுக்காக அவர் தினமும் வருகிறார்.

"சாதம் பரிமாறியாச்சு, கீரையும் வச்சாச்சு. மீன் எங்கம்மா?"

"வரும், ஜேட்டு." பெரியப்பா முறை வைத்து அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"மீன் இல்லாத ஜாடியை வங்காளத்துல இப்பத்தான் பாக்கறேன்."

"வீடு கட்டிக்கிட்டிருக்கேன். பூச்சு காயாம யாராவது குடி போவாங்களா?"

மூன்றாவது வாரம் அகல இலைச் செடி வெளிறத் தொடங்கியது. ஹாபுல் ஒரு சிறு புட்டியில் உரத்தண்ணீர் கொடுத்தான். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு சொட்டு.

இரண்டு சொட்டா? முழுசாகவா? இருபத்திரண்டு வருடத்தில் எந்த உயிருக்கும் அவர் எதையும் முழுசாகக் கொடுத்ததில்லை. மருந்து கரையக் கரைய வீரியம் ஏறும் என்பது படித்து வந்த பாடம் அல்ல, அவருடைய கையில் ஊறிய பழக்கம். ஆகவே ஒரு சொட்டை எடுத்து நூறு சொட்டுத் தண்ணீரில் விட்டார். பத்துத் தட்டு. அதிலிருந்து ஒரு சொட்டு, மறுபடி நூறு சொட்டுத் தண்ணீர், மறுபடி பத்துத் தட்டு. இப்படி முப்பது முறை. ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. 'செடி 30' என்று லேபிள் ஒட்டினார். அந்த வாரம் செடி இன்னும் வெளுத்தது. வீரியம் போதவில்லை என்று முடிவு செய்து, ஆறு மத்தியானம் உட்கார்ந்து அதை இருநூறுக்கு ஏற்றினார். இலைகள் கண்ணாடி போலாகி, ஓரம் கரைய ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை திருப்தி கரைந்த இலை ஒன்றையும் 'செடி 200' புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். ஹாபுல் லேபிளைப் படித்தான். தண்ணீர் நிரப்பிய பைகளெல்லாம் குலுங்கும்படி சிரித்தான்.

"தீதி, இதுல என்ன இருக்கு?"

"நீ குடுத்ததுதான்."

"எங்க இருக்கு?"

திருப்தி புட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஹாபுல் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "தீதி, செடிக்கு வியாதி இல்ல. பசி. பசிக்கிறவன்கிட்ட சாப்பாட்டோட வாசனைய மட்டும் காட்டினா எப்படி?"

திங்கட்கிழமை காலை, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திருப்தி உரப்புட்டியை நேராகத் திறந்து இரண்டு முழுச் சொட்டு விட்டார். ஒளித்துச் செய்வது அவருக்குப் பழக்கம் இல்லை. டாக்டரின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

"தட்டலையா?"

"இல்லைங்க டாக்டர்பாபு. அப்படியே விடறேன்."

"தாய்த் திராவகமா?" நீர்க்காத மூலமருந்துக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர்.

"ஆமாங்க."

"நம்ம சாஸ்திரத்துலயும் தாய்த் திராவகம் உண்டு" என்று சொல்லிவிட்டு டாக்டர் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் புதுத் தளிர் ஒன்று சுருண்டபடி எழுந்து வந்தது. அன்று மருந்து வாங்க வந்த அத்தனை பேரும் முதலில் தளிரைப் பார்த்தார்கள், பிறகுதான் நாக்கை நீட்டினார்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் ஹாபுல் மீன் தர மறுத்துவிட்டான். "அஞ்சு லிட்டர்ல மீனா? உங்க வீட்டு அண்டாவுக்குள்ள நீங்க குடியிருப்பீங்களா?" மீனுக்குப் பதில், தன் தொட்டியில் பெருகிய குட்டி இறால்கள் ஆறைப் பையில் கட்டிக் கொடுத்தான். நகத்தளவு உடம்பு, உடம்பைவிட நீள மீசை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே போகும் தீனி தெரியும்.

மருந்தகத்தில் அன்று நடந்தது உள்ளூர் யுத்தம். டாக்டரும் திருப்தியும் தலைமுறை தலைமுறையாகக் கல்கத்தாக்காரர்கள், இறால் கட்சி; அவர்கள் பாஷையில் சிங்க்ரி. பாக்ராஷியின் குடும்பம் பத்மா நதிக்கு அப்பால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தது, இலிஷ் மீன் கட்சி. இந்தச் சண்டை கல்யாணப் பந்தியிலும் கால்பந்து மைதானத்திலும் இன்னும் முடியவில்லை.

"இத்தனை நாள் காத்திருந்து கடைசியில சிங்க்ரியா? அது மீனே இல்ல, பூச்சி."

"உங்க இலிஷை விடட்டுமா ஜேட்டு? ஜாடியில வாலாவது நுழையுமா?"

"சுரைக்காய்க் கறியில சேர வேண்டியதைக் கொண்டுவந்து மருந்துக்கடையில குடிவச்சிருக்கா" என்று பாக்ராஷி பெஞ்சு முழுவதற்கும் அறிவித்தார். டாக்டர் உள்ளறையிலிருந்து, "சிங்க்ரின்னா சரி" என்றார். ஆனால் நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

இறால்கள் பாசியை இடைவிடாமல் மேய்ந்தன. காலையில் கதவைத் திறந்ததும் திருப்தி விளக்குப் போடுவதற்கு முன்னால் ஆறையும் பார்த்துவிடுவார்.

இறால்கள் வந்த நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பெஞ்சு நிறைய ஆட்கள். பாக்ராஷி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "திருப்தி, ஒன்னு போயிடுச்சும்மா" என்றார். குரலில் கேலி இல்லை.

மணல்மேல் வெள்ளையாக, வளைந்து, கால்களும் மீசையும் மாறாமல் கிடந்தது. கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் எழுந்து பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் வெளியே வந்து பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சொன்னது சொன்னதுதான், திருப்தி. பின்பக்கம் கொண்டுபோயிடு."

திருப்தி ஜாடியை இரண்டு கைகளாலும் பிடித்தார். தூக்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு. கிடந்த உடம்பின் ஊடாகப் பின்னால் இருந்த பாசியின் ஒரு இழை தெரிந்தது. தீனி தெரியவில்லை, கண்ணின் கருப்பு தெரியவில்லை. டிராப்பரை இறக்கி மெல்ல உறிஞ்சி உள்ளங்கையில் விட்டார். கனமே இல்லை. கழுத்துக்குப் பின்னால் ஒரு கீறல்.

"டாக்டர்பாபு, இதுக்குள்ள ஆள் இல்ல."

"என்ன?"

"சட்டை. கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு. பழைய அளவு பத்தல. வளந்திருக்குங்க."

"பாம்பு மாதிரியா?" என்றார் பாக்ராஷி.

"பாம்பு மாதிரிதான் ஜேட்டு."

டாக்டர் உள்ளங்கையைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். "அப்ப ஆறும் இருக்கணுமே."

"இருக்கும். நீங்களே எண்ணுங்க."

டாக்டர் எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்து. பெஞ்சில் யாரோ செருமினார்கள். பாசியை டிராப்பரால் ஒரு கிளறு கிளறினால் போதும், ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். திருப்தி கிளறவில்லை. ஒளிய வேண்டும் என்று அது நினைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

"பொறுங்க டாக்டர்பாபு. துணி மாத்தறவங்க நடுக்கூடத்துலயா நிப்பாங்க? மறைவாத்தான் இருப்பாங்க."

குழந்தைக்காரி சிரித்துவிட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார், அதையும் கீழே வைத்தார். முட்டியை மடித்து, இத்தனை வருடத்தில் நோயாளிகள் முன்னால் ஒருமுறைகூடக் குனியாத டாக்டர் அனாதி ஹூயி, ஜாடியோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டார். நேரம் போயிற்று. யாரும் தங்கள் முறை என்று எழவில்லை.

பத்தாம் நாள் வந்த அந்தத் தளிர் இப்போது அகன்ற இலையாகி மணலைத் தொடும்படி சாய்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து முதலில் ஒரு மீசை வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு, தண்ணீரிலிருந்து பிரித்தறிய முடியாத புது உடம்பு.

"ஆறு" என்றார் டாக்டர், கண்ணாடிக்குள் பேசுவதுபோல.

"எங்க இலிஷுக்கு இந்த வித்தை தெரியாது" என்றார் பாக்ராஷி. "ஒத்துக்கறேன். இன்னிக்கு மட்டும்."

டாக்டர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்று கேட்டபடி உள்ளறைக்குப் போனார்.

மதியம் ஒரு மணிக்கு மருந்தகத்தைச் சாத்துவதற்கு முன் திருப்தி ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். மேஜை, அலமாரி, பெஞ்சு, கதவின் கைப்பிடி, கடைசியில் ஜாடி. துணி கண்ணாடியைச் சுற்றிக்கொண்டே வந்தது. டாக்டரின் மூக்கு அழுந்திய இடத்தில் வட்டமாக ஒரு எண்ணெய்த் தடம் இருந்தது. துணி அதன் விளிம்புவரை வந்தது, அதைத் தொடாமல் வளைந்தது, அந்தப் பக்கமிருந்து மறுபடி துடைத்துக்கொண்டு போனது.