ராணி செட்

எங்கள் கடையில் நாட்டின் புகழ்பெற்ற பெண்களுக்குப் பெயர் கிடையாது. செட் பெயர்தான். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குதிரைமேல் ஏறி வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவள் 'ராணி'. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் 'டாக்டர்'. வெள்ளித்தாள் ஒட்டிய உடுப்பும் ஹெல்மெட்டும் 'ராக்கெட்'. பட்டுப்புடவை, சவுரிக் கொண்டை, அட்டைத் தம்புரா என்றால் 'பாட்டு'. தகர மெடல் தொங்கினால் 'ஓட்டம்'. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி அறை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கும் நாட்டியத்துக்கும் உடை வாடகைக்கு விடுகிறோம். அம்மா ஆரம்பித்த கடை. அம்மா போனபிறகு, கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாத நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகளிர் தினம் வரும் வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. மாவு வாங்க வருகிறவர்கள் மாதிரி அம்மாக்கள் படியேறி வந்து, "ராணி இருக்கா?" என்பார்கள். இருப்பதிலேயே ராணிக்குத்தான் கிராக்கி. வசனம் மறந்துபோனாலும் வாளை நாலு தடவை வீசினால் கைதட்டல் விழுந்துவிடும். கிரீடம், வாள், மார்புக் கவசம், அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. பொம்மையை வெள்ளைத் துணியில் சுற்றி, மார்பில் குறுக்காக முடிச்சுப் போட்டு முதுகில் கட்ட வேண்டும். அந்த முடிச்சு எனக்குத் தூக்கத்திலும் வரும்.

என் தங்கை என்னைவிட ரொம்பச் சின்னவள். அவள் சிறுமியாக இருந்தபோது அம்மா எந்தப் புது செட் தைத்தாலும் அவள்மேல்தான் அளவு பார்ப்பாள். அவளும் நிலைக்கண்ணாடி முன் நின்று, "நான்தான் இந்தியாவின் முதல் பெண் டாக்டர்", "நான்தான் விண்வெளிக்குப் போனவள்" என்று தொண்டை கிழியக் கத்துவாள். நாங்கள் சிரிப்போம். மற்ற பிள்ளைகள் உடுப்பைக் கழற்றும்போதே வசனத்தையும் கழற்றிப் போட்டுவிடும். இவள் மட்டும் நம்பித் தொலைத்தாள்.

கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உதவித்தொகையில் மேலே படித்து, தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடலைப் பற்றிய ஆராய்ச்சி. கப்பலில் போய் நடுக்கடலின் அடித்தண்ணீரை எடுத்து வந்து பார்க்கிற வேலை. முதல் தடவை போய்விட்டு முகம் கருகி, உடம்பெல்லாம் டீசல் நாற்றத்தோடு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை. "அக்கா, எனக்கு இன்னா செட் போடுவே?" என்று கேட்டாள். "ஒரு சுடிதார், கழுத்துல ஐடி கார்டு, கையில டிபன் பாக்ஸ். ஒருத்தி வாடகைக்கு எடுக்க மாட்டா, போடி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடையாற்றில் கல்யாணம் செய்து கொடுத்தோம். போன கொஞ்ச நாளில் அவள் பேச்சில் 'இன்னா' போய் 'என்ன' வந்தது. மாப்பிள்ளை நல்லவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வரலாம். குழந்தை பிறந்தது, லீவு போட்டாள். அப்புறம் கப்பல் வேண்டாம் என்று மேசை வேலை. குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்ததும் மறுபடி லீவு. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளாகவே கரை ஒதுங்கிவிட்டாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றரை மாதப் பயணம். இந்த முறை ஆராய்ச்சிக் குழுவுக்கே அவள்தான் தலைமை. வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். இப்போது விட்டால் இனி கூப்பிட மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் கடையைப் பூட்டிவிட்டு அடையாறு போனேன். மாப்பிள்ளை மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார்.

"நான் எப்பவாவது வேணாம்னு சொன்னேனா அக்கா? அவ இஷ்டம்தான். குழந்தைய யாரு பாத்துக்கறதுன்னு மட்டும் அவளே சொல்லட்டும்."

"நான் பாத்துக்கறேன். ஒன்றர மாசம்தானே, என்கூட இருக்கட்டும்" என்றேன்.

அவருடைய அம்மா காபியை என் கையில் கொடுத்துக்கொண்டே, "உங்க கடையில ஒரே துணித் தூசும்மா. இதுக்கோ வீசிங். எனக்கு முட்டி வலி, உங்களுக்கு அங்க வியாபாரம். எப்படிம்மா முடியும்?" என்றார்.

அந்த அம்மாள் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. எல்லாம் தனித்தனியாக நிஜம்தான், எல்லாம் சேர்ந்து என் தங்கையின் கழுத்தில் உட்கார்ந்தது. நான் விடவில்லை. "ஏன், நீங்க லீவு போட்டுப் பாத்துக்கக் கூடாதா மாப்ள?" என்று கேட்டேன். நான் ஏதோ ஜோக் அடித்துவிட்ட மாதிரி சிரித்தார். "எனக்கு ஆபீஸ் இருக்கே அக்கா" என்றார். தங்கை சமையலறையில் பாத்திரத்தை வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

புதன்கிழமை தங்கை குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஆழ்வார்பேட்டையில் இருக்கிற அதன் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. ராணி செட் வேண்டுமாம். குழந்தையை ஸ்டூல்மேல் நிறுத்திப் பொம்மையைக் கட்டினேன்.

"பெரிம்மா, ராணி ஏன் பாப்பாவ தூக்கிட்டு சண்டைக்குப் போறாங்க? ராஜா எங்க?"

"ராஜா செத்துட்டாருடா கண்ணு."

"வேற யாருமே இல்லையா அவங்க வீட்ல?"

இத்தனை வருஷமாக இந்தப் பொம்மையைக் கட்டுகிறேன், ஒரு நாளும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. ஜன்னல் பக்கம் நின்றிருந்த தங்கைதான் திரும்பாமலே, "இருந்தாங்க. யாரும் வாங்கிக்கல" என்றாள்.

குழந்தை கண்ணாடி முன் வாள் வீசப் போனதும் போனை எடுத்துக் காட்டினாள். 'வருகிறேன்' என்று அடித்து, அனுப்பாமல் வைத்திருந்தாள். "இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல அக்கா. அவர் மனசு மாறினாலும் மாறும்" என்றாள். நானும் தலையாட்டினேன். பாவி மனசு, எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலுக்கு நானும் போனேன். மேடைக்குப் பின்னால் இந்தியாவின் புகழ்பெற்ற பெண்கள் அத்தனை பேரும் பாத்ரூமுக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு டாக்டர் அழுதுகொண்டிருந்தாள். ஒரு பாட்டுக்குக் கொண்டை கழன்றுவிட்டது. ராணிகளுக்குக் கணக்கே இல்லை, பாதி என் கடைச் சரக்கு. சிறப்பு விருந்தினராக வந்த அம்மாள், பெண்கள் இன்று கால் வைக்காத துறையே இல்லை, வானமே எல்லை என்று பேசினார். முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு ஆபீஸ். வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

குழந்தை மேடைக்கு வந்து வசனத்தை ஆரம்பித்தது. "என் நாட்டைத் தரமாட்டேன்" என்று வாளை ஓங்கியபோது பொம்மை ஒரு பக்கமாகச் சரிந்தது. தோளை ஆட்டிப் பார்த்தது, கையைப் பின்னால் விட்டுத் தள்ளிப் பார்த்தது. பிறகு நிறுத்திவிட்டு முடிச்சை இழுத்து அவிழ்த்தது. பொம்மையை எடுத்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்து, குனிந்து நீட்டியது.

"அம்மா, இத நீ பாத்துக்கோ. இத வச்சிட்டு என்னால சண்டை போட முடியல."

மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது. கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு, கைதட்டல். சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தங்கை எழுந்து போய்ப் பொம்மையை வாங்கிக்கொண்டாள். குழந்தை நடுமேடைக்கு ஓடி, இரண்டு கையாலும் வாளைப் பிடித்து அப்படி ஒரு வீச்சு வீசியது. முதல் பரிசு அதற்குத்தான்.

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல அந்தப் பொம்மையின் கழுத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்திருந்தாள். துணி விலகிய இடத்தை இன்னொரு கையால் மூடிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தே செய்ததாகத் தோன்றவில்லை. எனக்கு அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருத்தரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "இன்னா, ராணியம்மா ஜெயிச்சிட்டு வர்றாங்களா?" என்றார். குழந்தை கோப்பையைத் தூக்கிக் காட்டியது. தங்கை போனை எடுத்தாள். அடித்து வைத்திருந்ததை அழித்துவிட்டு 'வர முடியவில்லை' என்று எழுத ஆரம்பித்தாள்.

"இருடி. சாயங்காலம் வரிக்கும் டைம் கீதுல்ல" என்று கையைப் பிடித்தேன்.

"இன்னாக்கா பண்றது" என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் வாயில் அந்த 'இன்னா'. "அதுக்கே தெரிஞ்சிருக்கு, யார் கையில குடுக்கணும்னு."

அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை போன் வந்தது. நான் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்தாராம். "என்ன டைமிங் பாத்தியா! எங்க ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்குது. நம்ம பொண்ணு பெரிய ஆளா வருவா பாரு" என்றார். ஆமாம் என்றாள் தங்கை. அவர் அன்றைக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

கடைக்கு வந்து செட்டைத் திருப்பி வைத்தோம். கிரீடம், கவசம், வாள் எல்லாம் வந்துவிட்டது. பொம்மை மட்டும் தங்கை கையிலேயே இருந்தது. நான் கை நீட்டிய பிறகுதான் கொடுத்தாள். வெள்ளைத் துணியை அவளே உதறி, நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள்.

குழந்தை அலமாரியின் மேல்தட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "பெரிம்மா, அடுத்த வருஷம் எனக்கு ராக்கெட். அதுல பாப்பா இல்லதானே?"

"இல்ல கண்ணு" என்றேன்.

தங்கை படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் இதே அறையில் அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இதே கண்ணாடி முன் நின்று கத்தியவள்தான். அந்த செட்டிலும் அன்றைக்குப் பாப்பா இருக்கவில்லை.