மடுவுக்குப் பதிலாக லமேகு: 686 படிகளும் ஒரு ரின் மண்ணும்

2005 மார்ச்சில் எனக்கு இருதய பைபாஸ் செய்தார்கள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போக முன்னம், என் மனைவி பிலோமினா ஒரு சின்னத் தகர ரின்னைத் திறந்து, அடியில் கிடந்த கடைசிச் சிட்டிகை மடு மண்ணை என் நெஞ்சில் பூசினா. அதைக் கண்ட நேர்ஸ் ஓடிவந்து கிருமிநாசினி போட்டு இரண்டு தரம் துடைத்தது வேறு கதை. அந்த இடத்திலேயே பிலோமினா மடுமாதாவுக்கு நேர்த்திக்கடனும் வைத்துவிட்டா. நான் பிழைத்தேன். நேர்த்தி மட்டும் செலுத்தாமல் அப்படியே நின்றது.

மடு தெரியாதவர்களுக்கு: இலங்கையில் மன்னார்ப் பக்கக் காட்டுக்குள் இருக்கும் மாதா கோயில். அதன் மண் விஷக்கடிக்கும் வருத்தத்துக்கும் மருந்து என்று கத்தோலிக்கரோடு சைவக்காரரும் பொட்டலம் கட்டிப் போவார்கள். 2007இல் அங்கே போக வழியில்லை. சண்டை, பாதை மூடல், இன்னும் என்னென்னவோ. இங்கே மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு ஹீட்டர் நின்றாலும், எனக்கு இருமல் வந்தாலும், “நேர்த்தி நிக்குது, அதுதான்” என்று பிலோமினா சொல்லுவா. சொல்லிவிட்டு அன்று முழுக்க முகம் வாடியிருப்பா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. அங்கே சலட் பகுதியில் நிற்கும் கிராசா போர்த்துக்கல்காரி. “எங்கள் ஊரிலும் ஒரு மாதா இருக்கிறா. பெயரே மருந்துகளின் மாதா. அவவிடம் போங்கள்” என்றா. பங்குச் சுவாமியிடம் கேட்டோம். “மாதா ஒராள்தானே, கோயில்தான் வேற” என்றார். ஒரு கிழமைக்குள் ரிக்கெற் போட்டாயிற்று. அந்த ஊர்தான் லமேகு. போர்த்துக்கலின் வடக்கே, டூரோ ஆற்றுத் திராட்சைமலைகளுக்குள் இருக்கும் பழைய நகரம்.

செப்டெம்பர் கடைசியில் போனோம். மொன்றியலில் இருந்து பாரிஸ் வழியாகப் போர்த்தோ, ஆளுக்கு 1,140 டொலர். போர்த்தோவில் இருந்து ரேகுவாவுக்கு ரயில், சரியாக இரண்டு மணித்தியாலம், 7 யூரோ 20. கட்டாயம் வலப்பக்க ஜன்னலில் இருங்கள். முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று ஆறு வந்து தண்டவாளத்தோடு கூடவே ஓடும். நாங்கள் இடப்பக்கம் இருந்து, மலையையும் மதிலையும் பார்த்துக்கொண்டு, கடைசி ஒரு மணித்தியாலம் மற்றவர்களின் தலைகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தோம்.

ரேகுவாவில் இருந்து லமேகு 13 கிலோமீற்றர். பஸ்ஸுக்கு 2 யூரோ. இருபத்தைந்து நிமிடத்தில் போகவேண்டியது, எங்களுக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. திராட்சை அறுவடைக் காலம். பழம் குவித்த டிராக்டர் ஒன்று முன்னால் ஊர, பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் பத்துக் கார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. பஸ் டிரைவர் ஜன்னலால் கையை நீட்ட, டிராக்டரில் குந்தியிருந்தவர் ஒரு குலையை எடுத்துக் கொடுத்தார். பாதிக் குலை பஸ்ஸுக்குள் எங்கள் வரைக்கும் வந்தது.

லமேகு கையடக்கமான ஊர். மேலே ஒரு கோட்டை, கீழே கருங்கல்லில் பேராலயம், அங்கிருந்து மரநிழல் போட்ட நீள வீதி. பெரிய வீடுகளின் வாசலில் குடும்பச் சின்னங்கள் கல்லில் செதுக்கியிருக்கின்றன: சிங்கம், வாள், கப்பல். அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். எங்கள் கரைக்கு மாதாவைக் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான், பீரங்கியைக் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான். அவர்கள் விட்டுப்போன மாதாவுக்கு வைத்த நேர்த்தியைச் செலுத்த, அவர்களுடைய ஊருக்கே நாங்கள் ரிக்கெற் எடுத்து வந்திருக்கிறோம். நன்றி சொல்வதா, கோபிப்பதா என்று தெரியவில்லை. முன்னால் இருந்த கபேயில் கதிரைக்கும் மேசைக்கும் பாணுக்கும் நாங்கள் ஊரில் சொல்லும் அதே பெயர்கள்தான், எல்லாம் இவர்கள் விட்டுப்போன சொற்கள். அந்தப் பாணைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டேன். நல்ல பாண்.

வீதி முடியும் இடத்தில் படிகள் தொடங்குகின்றன. மலை உச்சியில் கோயில், அதுவரைக்கும் 686 படி. தட்டுத் தட்டாக, நடுவில் நீரூற்றுகள், சுவரெல்லாம் நீல ஓட்டுச் சித்திரங்கள். பார்க்க வடிவு. நான் சுற்றுமுற்றும் ரக்சி தேடினேன்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு நான் படி ஏறுவதில்லை. டொக்டர் “நட, ஏறு, உனக்கு ஒன்றுமில்லை” என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நான் தலையாட்டிவிட்டு லிப்ற் தேடுவேன். பனி அள்ளப் பக்கத்து வீட்டுப் பெடியன், நிலவறையில் சாமான் எடுக்க வேறு ஆள். எல்லாவற்றுக்கும் ஒரு சாட்டு வைத்திருந்தேன். லமேகுவுக்கும் ஒரு சாட்டோடுதான் போனேன்.

“பின்பக்கத்தால ரக்சி மேல வரைக்கும் போகுமாம். ஐஞ்சு யூரோ. உம்மட முழங்காலுக்கு இந்தப் படியெல்லாம் ஏலாது” என்றேன்.

“என்ர முழங்காலை விடுங்கோ. ஏறவேண்டியது நீங்கள்.”

“நானோ? நேர்த்தி வைச்சது நீரல்லோ?”

“ஓம், நான்தான். என்ன சொல்லி வைச்சனான் எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே?”

இரண்டரை வருடத்தில் நான் கேட்கவில்லை.

“‘மாதாவே, இவரை உயிரோட தா. தன்ர காலால நடக்கவைச்சுக் கூட்டிக்கொண்டு வந்து உனக்கு முன்னால நிப்பாட்டுறன்’ எண்டு சொன்னனான். ரக்சியில ஏத்திக்கொண்டு வாறன் எண்டு சொல்லேல்லை.”

நான் அந்தக் கல்விளிம்பில் இருந்துவிட்டேன். “எனக்குப் பயமாக் கிடக்கு, பிலோமினா” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

“எனக்குத் தெரியாதோ? பனி அள்ளுற பெடியனுக்கும் தெரியும்” என்றா. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தா. “நீங்கள் முன்னால போங்கோ. விழுந்தா என்னில விழுங்கோ.”

“நான் எண்பத்தாறு கிலோவப்பா.”

“அப்ப விழாமப் போங்கோ.”

காலை 9:40க்குத் தொடங்கினோம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு அருள்நிறைந்த மரியே, ஒரு மிடறு தண்ணீர். அவ படி எண்ணிக்கொண்டு வந்தா. இருநூறாவது படிக்குக் கிட்ட என் நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. அங்கிருந்த கல்வாங்கில் குந்தி, கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நோவில்லை, வியர்வையும் ஏறினதால் வந்ததுதான். ஏறினால் எல்லாருக்கும் அப்படித்தான் அடிக்கும் என்பது மறந்தே போயிருந்தது. ஒரு கிழவர் நாயோடு எங்களைத் தாண்டி ஓடினார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டு எழும்பினேன். 412இல் பிலோமினாவுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது, நான் கதை கொடுத்ததால்தானாம். 10:55க்கு உச்சியில் நின்றோம். 686 என்பதை ஊர்க்காரர் சொல்லுக்கே விட்டுவிடுகிறேன்.

கோயிலுக்குள் அவ என் கையைப் பிடித்துப் பீடத்துக்கு நேரே நிறுத்தினா. “இந்தா, கூட்டிக்கொண்டு வந்திட்டன்” என்று தமிழில் சொன்னா. பிறகு அழுதா. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

வெளியே வந்ததும் கைப்பைக்குள் இருந்து அந்தப் பழைய ரின் வந்தது. ஊரில் இருந்து கொண்டுவந்த அதே ரின். பூப்பாத்தியில் குனிந்து அவ மண்ணை அள்ள, “மடாம், மடாம், அதை எடுக்காதீர்கள்!” என்று ஒரு தோட்டக்காரி ஓடிவந்தா. களவு பிடிபட்ட மாதிரி இரண்டு பேரும் விறைத்துப்போனோம். அவ பிரான்சில் வேலை செய்து திரும்பியவவாம், பிரெஞ்சு கதைத்தா. எங்கள் கெபெக் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “அது கடையில் பையோடு வாங்கின மண். பசளை வேறு கலந்திருக்கிறது. எதற்கு உங்களுக்கு?” என்றா.

நான் என் நெஞ்சைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இந்தமுறை அவ சிரிக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய மரத்தடிக்குக் கூட்டிப்போய், சருகை ஒதுக்கி, கரண்டியால் ஒரு சாண் ஆழம் கிண்டினா. “இது இந்த மலையின் மண்” என்று ரின்னை நிரப்பித் தந்தா. கறுப்பு மண், ஈர வாசம். மடு மண்ணின் நிறமே இல்லை என்று பிலோமினா கொஞ்சம் யோசித்தா. பிறகு மூடியை இறுக்கினா.

திரும்பும் விமானத்தில் சுங்கப் படிவம் தந்தார்கள். இறைச்சி, விதை, செடி என்று போகும் வரிசையில் மண்ணும் இருந்தது. நான் “இல்லை”யில் புள்ளடி போடப் பேனையை எடுத்தேன். அவ பேனையைப் பறித்தா.

“பொய் எழுதிக் கொண்டுவந்த மண்ணை உங்கட நெஞ்சில பூசவோ?”

மொன்றியலில் ஒரு இளம் அதிகாரி பொன்ஜூர் சொல்லி ரின்னைத் திறந்து பார்த்தா. மிகவும் மரியாதையான பிள்ளை. ஆனால் சட்டம் சட்டம்தான். மண்ணை ஒரு பையில் கொட்டி முத்திரை ஒட்டினா. ரின்னையாவது தரமுடியுமா என்று கேட்டோம். உள்ளே கொண்டுபோய்க் கழுவித் துடைத்துத் தந்தா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ரொக்ஸ்பரோ போகும் வரைக்கும் புறுபுறுத்தேன். பிலோமினா காலி ரின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தா. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், “மண் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு நான் நேர்த்தி வைக்கேல்லையே” என்றா. ரின் இப்போது குசினி அலுமாரியில், காலியாக இருக்கிறது. மடுப் பாதை திறந்தால் முதலில் அதைத்தான் பெட்டியில் வைப்போம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். லமேகுவில் இரண்டு இரவு போதும். காலைச்சாப்பாட்டோடு அறை 45 யூரோ. பன்றி இறைச்சி வைத்துச் சுடும் ஊர் ரொட்டி ஒன்று இருக்கிறது, சூடாக வாங்குங்கள். வைன் நிலவறைகளை அறுவடை நேரத்தில் சொல்லாமல் போய்ப் பார்க்க முடியாது, நாங்கள் வாசலோடு திரும்பினோம். படியில் வெயில் ஏற முன்னம் தொடங்குங்கள். முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு ரக்சி நல்லது. மற்றவர்கள் சாட்டுச் சொல்லாமல் ஏறுங்கள். மண் எடுக்காதீர்கள்.

போன சனிக்கிழமை டவுன்டவுனில் சாமான் வாங்கிவிட்டு மெட்ரோவுக்குள் இறங்கினோம். ரயிலால் இறங்கி வெளியேறும் இடத்தில் எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினா. நான் பக்கத்துப் படியால் ஏறினேன். அவ அங்கிருந்தே என் படிகளை உரத்து எண்ணிக்கொண்டு வந்தா, சனம் திரும்பிப் பார்த்தது. மேலே வந்ததும் “ஐம்பத்தெட்டு” என்றா. எனக்கு ஐம்பத்தேழுதான் வந்தது. சாமான் பையை அவவிடம் கொடுத்துவிட்டு, திரும்ப இறங்கி ஏறினேன்.