கை வைக்காத சகலை

முதுகெலும்பைச் சரிசெய்யும் கைரோபிராக்டர் அவர். அதே தொழிலில் இருந்த சகலையைக் கண்டால் அவருக்கு ஆகாது. இவர் ஒரே பட்டத்தோடு நின்றுவிட, அவனோ மேற்படிப்பு, தேர்வு என்று சுவர் முழுக்கச் சான்றிதழாய் மாட்டியிருந்தான். "சுவரா வந்து முதுகைச் சரிபண்ணும்?" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் இவர் மனைவியே கழுத்துவலிக்கு அவனிடம் போய்வந்தாள். "அவர் கையே வைக்கல. ஸ்கேனுக்கு அனுப்பிட்டார்."

"அத்தனை படிச்சும் பயமா?" இவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

"கை மரத்துப்போகுதான்னு முதல்ல கேட்டார். ஆமான்னேன். அப்படின்னா கழுத்தைத் திருப்பவே கூடாதாம். அந்தப் படிப்புல அதைத்தான் முதல்ல சொல்லித்தந்தாங்களாம். நேத்து நீங்க ஒரு வார்த்தை கேக்காம திருப்பிவிட்டீங்க."

அவள் கழுத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால், இதிலும் அந்தப் பயல் முந்திக்கொண்டானே என்று வயிறு எரிந்தது.